பனியை அளக்க முதலில் தண்ணீரைத் தேடு: கேள்வி பதில்

ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் அனுப்பும் கடல்பனித் தரவுகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கடல்நீரே உறைந்து மிதப்பதைக் ‘கடல்பனி’ என்றும், அதன்மேல் வானிலிருந்து விழுந்து கிடப்பதை ‘வெண்பனி’ என்றும் குறிக்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதிப் பதில்கள் புரியாது.

பிளஸ் டூ மாணவி: 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சில சென்டிமீட்டர் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், சார்?

அளப்பது நேரத்தைத்தானம்மா. ஒளி கீழே போய்த் திரும்ப ஒரு விநாடியில் முந்நூறில் ஒரு பங்கு ஆகிறது. அந்தக் கணக்கில் ஒரு நானோவிநாடி பிசகினால் உயரம் 15 சென்டிமீட்டர் தப்பாகும். 2018 செப்டம்பரில் நாசா ஏவிய ஐஸ்சாட்-2-இல் இருக்கும் அட்லஸ் என்ற கருவி விநாடிக்கு 10,000 முறை பச்சை லேசர் துடிப்பை அனுப்புகிறது. செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடுவதால், தரையில் 70 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பு விழும். ஒவ்வொரு துடிப்பிலும் கோடானுகோடி ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) கிளம்புகின்றன. கருவிக்குத் திரும்பி வருபவை பத்துப் பன்னிரண்டு இருந்தாலே அதிகம். தனி ஃபோட்டானின் சொல்லை நம்ப முடியாது. அதனால் கடல்பனியில் சுமார் 150 ஃபோட்டான்களைச் சேர்த்து ஒரே உயரமாகத் தீர்மானிக்கிறோம்.

ஓய்வுபெற்ற நில அளவையர்: எங்கள் தொழிலில் முதலில் ஒரு நிலைக்குறி வேண்டும். நடுக்கடலில் எந்த மட்டத்திலிருந்து அளக்கிறீர்கள்?

ஐயா, எல்லோரும் லேசரைப் பற்றிக் கேட்க, நீங்கள்தான் அடிமடியில் கை வைத்திருக்கிறீர்கள். செயற்கைக்கோள் தருவது பூமியின் கணித வடிவமான நீள்வட்டத்திலிருந்து அளந்த உயரம். கடல் அந்த வடிவத்துக்கு அடங்கிக் கிடப்பதில்லை. புவியீர்ப்பு வேறுபாட்டால் உலகக் கடல்மட்டம் அதிலிருந்து ஓரிடத்தில் 80 மீட்டருக்கு மேல் மேடாகவும், வேறிடத்தில் 100 மீட்டருக்கு மேல் பள்ளமாகவும் இருக்கிறது. போதாக்குறைக்கு ஓதம் வேறு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். ஒரு புயல் கடந்தால் 30 சென்டிமீட்டர் எழுவது சாதாரணம். நாங்கள் தேடுகிற பொருளோ, நீர்மட்டத்துக்கு மேலே அதே 30 சென்டிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது!

அதனால் இவற்றுக்கெல்லாம் கணினி மாதிரிகள் சொல்லும் அளவைக் கழித்த பிறகும், பக்கத்திலேயே உண்மையான தண்ணீரைத் தேடுகிறோம். காற்றும் நீரோட்டமும் பனியைப் பிளந்து வைத்த இடுக்குகள்தான் எங்கள் நிலைக்குறி. திரையில் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்: ஃபோட்டான்கள் புள்ளிமழையாகத் தெரியும். பனித்தட்டுக்கு மேல் புள்ளிகள் கலைந்து, மேடும் பள்ளமுமாகப் போகும். தட்டுகள் மோதிய இடத்தில் ஒன்றிரண்டு மீட்டருக்குத் திடீரென்று ஒரு முகடு எழும். அப்புறம் சட்டென்று எல்லாப் புள்ளிகளும் அடங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் மெல்லிய நேர்கோடாகிவிடும். அதுதான் தண்ணீர். அந்தக் கோட்டுக்கும் பக்கத்துப் பனியின் மேற்பரப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய உயரம். அக்கம்பக்கத்தில் இடுக்கே இல்லையென்றால், அந்தத் துண்டுக்கு விடை எழுதாமல் விட்டுவிடுவதுதான் நேர்மை.

இதில் ஒரு கண்ணி உண்டு. குளிர்காலத்தில் திறந்த இடுக்கு சில மணி நேரத்திலேயே மெல்லிய பனி மூடிக்கொள்ளும். அதுவும் வழவழப்பாகத்தான் தெரியும். அதைத் தண்ணீர் என்று நம்பினால் பூஜ்யமே சில சென்டிமீட்டர் மேலே ஏறி, சுற்றிலும் உள்ள எல்லாப் பனியும் குள்ளமாகிவிடும்.

மென்பொருள் பொறியாளர்: ஐஸ்சாட்-2 லேசரை ஆறு கற்றைகளாகப் பிரித்து அனுப்புகிறதே, எதற்கு ஆறு?

நிலத்தின்மேல் கிடக்கும் நிலப்பனியின் சரிவைப் பிடிக்க. ஆறும் மூன்று ஜோடிகள். ஜோடிக்குள் 90 மீட்டர், ஜோடிகளுக்கிடையே 3.3 கிலோமீட்டர் இடைவெளி. 2003 முதல் 2009 வரை அளந்த முதல் ஐஸ்சாட்டுக்கு ஒரே கற்றைதான். எங்களுக்குக் கிடைத்த லாபம், இடுக்கில் விழும் வாய்ப்பு கூடியது. 91 நாள் கழித்து அதே பாதையில் திரும்பி வருவது நிலப்பனிக்காரர்களுக்கு வரம். எங்கள் பனி அதற்குள் எங்கோ மிதந்து போயிருக்கும்.

இயற்பியல் ஆசிரியர்: நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் உயரத்தை ஒன்பதால் பெருக்கினால் பனியின் பருமன் (தடிமன்) வந்துவிடாதா?

வெண்பனி இல்லாவிட்டால் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் லேசர் காண்பது வெண்பனியின் தலையை. கடல்நீர் அடர்த்தி 1024, கடல்பனி 915, வெண்பனி 320 என்று வைத்துக்கொள்ளுங்கள் (கனமீட்டருக்குக் கிலோ). மேலே தெரியும் உயரம் 30 சென்டிமீட்டர். அதில் 20 வெண்பனி. ஆர்க்கிமிடீசின் மிதப்பு விதிப்படி கணக்குப் போட்டால் கடல்பனியின் பருமன் 1.53 மீட்டர். வெண்பனி 20 அல்ல, 25 என்று மாற்றுங்கள்: 1.20 மீட்டராகச் சுருங்கிவிடும். ஐந்து சென்டிமீட்டர் வெண்பனியில் 33 சென்டிமீட்டர் கடல்பனி மாயம்! என்னைக் கேட்டால், இன்று இந்தத் துறையின் பெரிய பலவீனம் லேசரில் இல்லை. வெண்பனியின் ஆழம் தெரியாததில் இருக்கிறது. மிதக்கும் கடல்பனிமேல் அமைத்த சோவியத் நிலையங்களில் ஆட்கள் 1954 முதல் 1991 வரை கோல் நட்டு அளந்த சராசரிகளை வைத்துத்தான் வெகுகாலம் வண்டி ஓடியது.

ஆய்வு மாணவர்: ராடாரை ஏன் கூடவே பயன்படுத்தக் கூடாது?

பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிரையோசாட்-2 ராடார் 2010 முதல் சுற்றுகிறது. அதன் அலை வெண்பனியைத் துளைத்துக் கடல்பனியில் பட்டுத் திரும்புகிறது என்பது கொள்கை. லேசர் வெண்பனியின் மேலிருந்து திரும்பும், ராடார் அதன் அடியிலிருந்து. கழித்தால் வெண்பனி ஆழம். இதற்காகவே 2020-இல் கிரையோசாட்-2-இன் பாதையைச் சற்று உயர்த்தி, இரண்டும் அவ்வப்போது ஒரே தடத்தில் போகும்படி செய்தார்கள். ஆனால் வெண்பனி ஈரமாகவோ உப்பேறியோ இருந்தால் ராடார் பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

பெயர் சொல்லாதவர்: மேகம் வந்தால்?

தடித்த மேகமென்றால் அன்றைக்கு விடுமுறை. தொல்லை தருவது மெல்லிய மேகம்தான். ஃபோட்டான்கள் அதில் சிதறிச் சுற்றி வருவதால் தாமதமாகி, பனி இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும்.

சந்தேகப் பேர்வழி: மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயராது. பிறகு எதற்கு இத்தனை செலவு?

கிட்டத்தட்டச் சரி, உயராது. ஆனால் கடலின் வெப்பம் குளிர்காலக் காற்றுக்குப் போகாமல் தடுக்கும் போர்வை இது. போர்வையின் பரப்பளவை 1970-களின் இறுதியிலிருந்து நுண்ணலைக் கருவிகள் சொல்லி வருகின்றன. அது கம்பளியா, மெல்லிய துண்டா என்பதைப் பருமன்தான் சொல்லும்.

கடலியல் மாணவி: அண்டார்க்டிகாவுக்கும் இதே கணக்குதானா?

சூத்திரம் அதுவேதான், பனியின் குணம் வேறு. அங்கே மெல்லிய கடல்பனி மேல் வெண்பனி ஏராளமாகக் குவிகிறது. பாரம் தாங்காமல் கடல்பனியின் மேற்பரப்பே நீர்மட்டத்துக்குக் கீழே அமுங்க, கடல்நீர் புகுந்து வெண்பனியை நனைத்து உறையவைக்கிறது. மேலே தெரிவது முழுவதும் வெண்பனிதான் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். மெல்லிய பனிக்குப் பொருந்தலாம். முகடுகள் நிறைந்த பழம்பனிக்கு நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மென்பொருள் பொறியாளர் (மறுபடியும்): நானே தரவை எடுத்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. அமெரிக்காவின் தேசிய வெண்பனி, பனிக்கட்டித் தரவு மையம் இலவசமாகத் தருகிறது. ஏடிஎல் என்ற பெயரில் எண்ணிட்ட தரவுத் தொகுப்புகள் இருக்கும். ஏடிஎல்-03 தனித்தனி ஃபோட்டான்கள். 07 கடல்பனி உயரம். 10 நீர்மட்டத்துக்கு மேலான உயரம். ஏப்ரல் மாத ஆர்க்டிக் தடம் ஒன்றில் தொடங்குங்கள். ஜூலைக்குப் போகாதீர்கள்: பனிமேல் உருகுநீர்க் குட்டைகள் நிற்கும், அவை இடுக்குபோலவே நடிக்கும். பச்சை ஒளி குட்டையின் அடிவரை இறங்கித் திரும்புவதால் இரண்டு தரைகள் தெரியும். நீரில் ஒளி மெதுவாகப் போவதால், 30 சென்டிமீட்டர் ஆழம் 40 என்று காட்டும்.