அழுதால் நோய் முற்றுமா?

புற்றுநோயும் மனமும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. பார்க்க வருகிற உறவினர்கள் எல்லோரும், 'தைரியத்தை விட்டுவிடாதே, அழுதால் நோய் முற்றிவிடும்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இப்போது அம்மா எங்கள் முன்னால் சிரித்துப் பேசிவிட்டு, இரவில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். மனக்கவலை உண்மையிலேயே நோயை வளர்க்குமா?

பதில்: அழுகை கட்டியை வளர்ப்பதில்லை. இதை முதலில் அம்மாவிடமும், பிறகு அந்த உறவினர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

மன உறுதி இருந்தால் ஆயுள் கூடும் என்ற எண்ணத்திற்கு அறிவியல் முலாம் பூசியது ஓர் ஆய்வு. 1989ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவருடைய குழுவினரும் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார்கள். உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுடன் இருந்த 86 பெண்களில், வாரந்தோறும் குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது அதன் முடிவு. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் இதே முறையைச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலே மறுபடியும் செய்து பார்த்தபோதும் மொத்தத்தில் கூடவில்லை. முதல் ஆய்வுக்குக் கிடைத்த புகழ் பின்னால் வந்த மறுப்புகளுக்குக் கிடைக்கவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் குழுக்களில் யாரும் 'அழாதே' என்று சொல்லவில்லை; மரண பயத்தைக்கூட வாய்விட்டுப் பேசும்படிதான் ஊக்குவித்தார்கள். கனடா ஆய்வில் ஆயுள் கூடாவிட்டாலும், மனவேதனை மிகுந்திருந்த பெண்களுக்கு அந்த வேதனையும் வலியும் குறைந்தன.

அப்படியானால் மன உளைச்சலைப் பொருட்படுத்த வேண்டாமா என்றால், கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் வெளியான பகுப்பாய்வில், மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்த புற்றுநோயாளிகளிடையே இறப்பு விகிதம் 25 சதவீதம் கூடுதலாகவும், மனச்சோர்வு நோய் என்றே உறுதிசெய்யப்பட்டவர்களிடையே 39 சதவீதம் வரை கூடுதலாகவும் காணப்பட்டது. அதே பகுப்பாய்வில், மனச்சோர்வு புற்றுநோயை வேகமாக வளரச் செய்கிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கடுமையான நோயே மனத்தைச் சோரச் செய்யும் என்பதால், இந்த எண்கள் முழுவதையும் மனத்தின் தலையில் சுமத்தவும் கூடாது.

என் பார்வையில், பாதிப்பின் பெரும்பகுதி அன்றாட வழிகளில்தான் வருகிறது. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார். சாப்பிடாமல் எடை இழக்கிறார். கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்று தெரிந்திருந்தும், 'போய் என்ன ஆகப்போகிறது' என்று படுத்துவிடுகிறார். பல்வேறு நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு என்று 2000ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். இதைச் சரிசெய்யவும் முடியும்.

உங்கள் அம்மா அழுவதைவிட, மறைத்து அழுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. வருத்தத்தை மறைத்துப் பழகுபவர் அடுத்து வலியையும் மறைப்பார், வாந்தியையும் மறைப்பார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, 'கடந்த ஒரு வாரத்தில் மன உளைச்சல் எந்த அளவுக்கு இருந்தது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்' என்று அம்மாவிடம் கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள். வெப்பமானி வடிவில் படம் போட்டு இப்படிக் கேட்பது பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. நான்கு அல்லது அதற்கு மேல் சொன்னால் விரிவாக விசாரிக்கவேண்டும் என்பது விதி. 'மனநோய்' போன்ற சொற்களுக்கு நோயாளிகள் கூசுகிறார்கள் என்பதால்தான், புற்றுநோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்கும் துறைக்கு வித்திட்ட மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் போன்றவர்கள் 'உளைச்சல்' என்ற பொதுச்சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவுக்கும் அந்தச் சொல் எளிதாக இருக்கும்.

கேள்வி: என் தந்தைக்குக் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. எப்போதும் படுத்தே இருக்கிறார். 'சிகிச்சைக் களைப்பு' என்கிறார்கள். இது களைப்பா, மனச்சோர்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: களைப்பு, பசியின்மை, தூக்கக் கோளாறு ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. ஆகவே அவற்றை விட்டுவிட்டு வேறு அடையாளங்களைப் பாருங்கள். களைத்தவருக்கு ஆசை இருக்கும், உடல்தான் ஒத்துழைக்காது. பேரக்குழந்தை அருகில் வந்தால் படுத்தபடியே முகம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சியும் போய்விடும். 'எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன்', 'இது எனக்குத் தண்டனை' என்ற பேச்சு எழுந்து, பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பே தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள்: கழுத்துக் கதிர்வீச்சுக்குப் பிறகு அந்தச் சுரப்பி மந்தமாவது உண்டு, அதுவும் அச்சு அசலாக மனச்சோர்வைப் போலவே தோன்றும். தீராத வலியும் ஸ்டீராய்டு மாத்திரைகளும்கூட மனநிலையைக் குலைக்கும்.

'வாழ்ந்தது போதும்' என்ற தொனி கேட்டால், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

மனச்சோர்வுதான் என்று தெரிந்தால் சிகிச்சை பலன் தரும். பிரிட்டனில் 500 புற்றுநோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பயிற்சிபெற்ற செவிலியரும் மனநல மருத்துவரும் புற்றுநோய்ச் சிகிச்சைக் குழுவோடு சேர்ந்து கவனித்தவர்களில் 62 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 17 சதவீதத்தினருக்கே குறைந்தது. ஆயுள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று பின்னர் தெரிந்தது. கூடாவிட்டால் என்ன? பல்வலிக்கு மருந்து கொடுக்கும்போது ஆயுள் கூடுமா என்று யாரும் கேட்பதில்லை.

கேள்வி: நான் மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், ஆனால் எந்த மாத்திரை என்பது முக்கியம். டமாக்சிஃபென் கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே முழு வீரியம் பெறுகிறது. பராக்சடின், ஃப்ளூவாக்சடின் ஆகியவை அந்த நொதியைத் தடுப்பவை என்பதால் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. வென்லஃபாக்சின் போன்றவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஏற்கெனவே ஏதேனும் சாப்பிட்டுவந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மருத்துவர்களிடமும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள். மனநல மருந்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லக் கூசுபவர்கள் ஏராளம். இங்கே அந்தக் கூச்சம் ஆபத்தானது.

கேள்வி: கணவருக்கு நுரையீரல் புற்றுநோய், பரவிய நிலை. கீமோ தொடங்கும்போதே 'நோய்த்தணிப்புப் பிரிவையும் பாருங்கள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் இடிந்துபோயிருக்கிறார். போகத்தான் வேண்டுமா?

பதில்: போங்கள், காலம் தாழ்த்தாமல் போங்கள். அந்தப் பிரிவு வலி, மூச்சுத்திணறல், பயம், தூக்கமின்மை ஆகியவற்றைக் கவனிப்பது; கீமோவுக்கு மாற்று அன்று, துணை. உங்கள் கணவரைப் போன்ற 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே இந்தப் பிரிவையும் பார்த்தவர்களில் மனச்சோர்வு அறிகுறிகள் 16 சதவீதத்தினரிடமும், பார்க்காதவர்களில் 38 சதவீதத்தினரிடமும் இருந்தன. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளை ஏற்றவர்கள் குறைவாக இருந்தும், முதல் பிரிவினரின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். முதல் சந்திப்பில் அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். 'கீமோ தொடரும் அல்லவா?' என்ற கேள்வியை, அவர் காதுபட, நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.