முதுகைத் தேய்க்க விடவில்லையா, தங்கச்சி?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது உனக்கு. "அக்கா, ஊரில் நான்கு வருடம் நர்சிங் படித்தேன். இங்கே முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவுக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகு தேய்த்தேன். மூத்த மிஸ்ஸி எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து நிறுத்தி, 'ஆராய்ச்சி எதுவும் படிக்கவில்லையா?' என்று கேட்டுவிட்டார். நான் படித்தது தப்பா? ஆராய்ச்சிக்கும் நர்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறாய்.

அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயம் சரி.

22 வருடத்துக்கு முன்னால் நான் வந்த புதிதில், வேலை பார்த்த இடத்தில் என்னைத் தடுக்க ஒருத்தரும் இல்லை. நாற்பது வருடம் பால்மரம் சீவிய தாத்தா ஒருவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வலது குதிகால் லேசாகக் கன்றியிருந்தது. ஊரில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு ராத்திரி அழுத்தித் தேய்த்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் காலுறையைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது. "பரவாயில்லை மிஸ்ஸி" என்றார் அவர். அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கும்போது அங்கே ரத்தம் ஓடாது. கன்றிய இடத்தில் உள்ளே நுண்ணிய குழாய்கள் ஏற்கெனவே நைந்திருக்கும். தேய்த்தால் இன்னும் சேதம்தான். இதைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்களில் டோரீன் நார்ட்டன் என்ற இங்கிலாந்து நர்ஸ் முக்கியமானவர். வயதான நோயாளிகளைக் கட்டில் கட்டிலாகக் கவனித்து, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து 1962இல் அறிக்கை வெளியிட்டார். தோலில் எதைப் பூசுகிறோம் என்பதைவிட, ஆளைத் திருப்பிப் படுக்கவைத்து அழுத்தத்தை எடுப்பதுதான் பலன் தருகிறது என்று அதில் தெரிந்தது. யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே பார்க்க ஓர் அளவுகோலும் தந்தார்: உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலஜலக் கட்டுப்பாடு என்று ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டினால் 14 அல்லது அதற்குக் கீழே வருகிறவருக்குப் படுக்கைப் புண் வரும் ஆபத்து உண்டு. இதெல்லாம் ஒரு நர்ஸ் வார்டில் நின்று கண்டுபிடித்தது, தங்கச்சி. எனக்கு அதில் பெருமை உண்டு, உனக்கும் இருக்கட்டும்.

நைட்டிங்கேல் அம்மாவை விளக்கேந்திய சீமாட்டி என்றுதானே நமக்குப் பாடத்தில் சொன்னார்கள்? 1854இல் கிரிமியப் போரின்போது துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனவர், போர்க்காயத்தைவிட நோயால்தான் சிப்பாய்கள் அதிகம் சாகிறார்கள் என்பதை எண்ணிக்கையோடு, வண்ண வரைபடம் போட்டுக் காட்டினார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனார். அப்புறம் ரொம்ப காலம் நர்ஸ் என்றால் சொன்னதைச் செய்கிறவள் என்றே பழக்கிவிட்டார்கள். நர்சிங் ஆராய்ச்சிக்கென்றே ஓர் ஆய்விதழ் அமெரிக்காவில் வந்தது 1952இல்தான். பிரிட்டனில் நர்சிங் தொழிலைப் பற்றி ஆராய அரசு அமைத்த பிரிக்ஸ் குழு 1972இல், இந்தத் தொழில் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியது. நம் வேலூரிலும் டெல்லியிலும் 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியாயிற்று. அதனால் படித்து வந்த இடத்தை நினைத்துக் கூனிக் குறுகாதே. பாடப் புத்தகம் மெதுவாக மாறும், அவ்வளவுதான்.

இந்த மண்ணுக்கும் இப்படி எண்ணிப் பார்ப்பது புதிதில்லை. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்து நீரை வடித்து மலேரியாவைக் குறைத்தார். தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று தொட்டு எண்ணியே காய்ச்சல் எங்கே அதிகம் என்று பார்த்தார்.

சரி, நாளைக்கு வேலைக்குப் போனால் என்ன செய்வாய்? நம் ஆட்களுக்குக் கறுத்த தோல். புத்தகத்தில் சொல்கிற சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்துப் பார். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, விரலுக்குக் கல் மாதிரியோ சேறு மாதிரியோ படுகிறதா? அப்படியானால் அந்தப் பக்கம் படுக்கவைக்காதே. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது பொது வழக்கம். மெத்தையையும் ஆளின் நிலையையும் பார்த்து அது கூடும், குறையும்.

பாட்டிமார் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லிக் கேட்பார்கள். முகம் வாடவிடாதே. கை கால்களுக்கு மெதுவாகத் தடவிக்கொடு. இடுப்பெலும்பு, குதிகால், முதுகுத்தண்டின் அடி, இந்த மூன்றும் வேண்டாம்.

இப்போது பல இடங்களில் 1987இல் வந்த பிராடன் அளவுகோலில்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஆறு அம்சம். என்னிடம் அந்தத் தாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பசாருக்கு வரும்போது அப்படியே வீட்டுக்கு வா. அந்தத் தாத்தா நன்றாகச் சாப்பிடுகிறாரா, தானாகப் புரள்கிறாரா, துணி ஈரமாகவே கிடக்கிறதா என்று கவனித்துக்கொண்டு வா. பெயர் வேண்டாம். இரண்டு பேரும் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். திங்கட்கிழமை அதை அந்த மிஸ்ஸியிடம் கொண்டுபோய்க் காட்டு.