நகையை அடகு வச்சு வெள்ளி வாங்கலாமா? தம்பி கேக்குறார், அக்கா தவிக்கிறாங்க

கேள்வி: வணக்கம் சார். நான் சேலம் பக்கம், தனியார் ஸ்கூல்ல டீச்சர், சம்பளம் 22 ஆயிரம். வீட்டுக்காரர் வேன் ஓட்டுறார், மாசம் 30 ஆயிரம் வரும். 2009ல கல்யாணத்துக்கு போட்ட நகை 22 பவுன். அதுல 12 பவுனை 2021ல நாத்தனார் கல்யாணத்துக்காக 3 லட்சத்துக்கு அடகு வச்சோம். மீட்க முடியல, ஆனா வருஷா வருஷம் மாத்தி வச்சிடுறோம், பவுன் விலை ஏறுறதால வட்டி எங்க கைய கடிக்கல. நடுவுல ஸ்கூல் பீஸுக்கு 60 ஆயிரம், என் தம்பி கொலுசுப் பட்டறைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் கூட எடுத்தோம். இப்போ 6 லட்சத்து 40 ஆயிரம் நிக்குது. மீதி 10 பவுன் வீட்ல இருக்கு. தம்பி சொல்றான், தங்கம் ஓடி முடிஞ்சிடுச்சு அக்கா, இனிமே வெள்ளிதான், சோலாருக்கும் கரண்ட் காருக்கும் வெள்ளி இல்லாம முடியாது, அந்த 10 பவுனையும் வச்சு கட்டி வெள்ளி வாங்கிடு, என் பட்டறையிலயே பத்திரமா வச்சுக்கலாம்னு. தங்கம் வெள்ளி ரெண்டுல எது சார் நல்லது? நகைச் சீட்டு மாசம் 5,000, வெள்ளி ஃபண்ட் எஸ்ஐபி 3,000 போகுது, ஃபண்ட்ல 1 லட்சத்து 10 ஆயிரம் இருக்கு. பொண்ணு பத்தாவது படிக்கிறா.

பதில்: சகோதரி, நீங்க கேட்டது உலோகத்தைப் பத்தி, எனக்கு லெட்டர்ல கண்ணுல பட்டது "வட்டி எங்க கைய கடிக்கல"ங்கிற வரி. அதுக்கு வரேன், முதல்ல உங்க கேள்வி, ஏன்னா தம்பி சொன்னதுல பாதி உண்மை, பாதி உண்மைதான் எப்பவும் ஆபத்து.

வெள்ளி மாதிரி கரண்ட் கடத்துற உலோகம் உலகத்துலயே இல்ல, அதுக்கு அடுத்துதான் செம்பு, தங்கம் மூணாவது. அதனாலதான் சோலார் பேனல்ல இருக்குற மெல்லிசு கோடெல்லாம் வெள்ளிப் பசையில போடுறாங்க, சுவிட்ச், ரிலே உள்ள தொடுற முனையெல்லாம் வெள்ளி. தோண்டி எடுக்குற வெள்ளிக்கு வர்ற கிராக்கில பாதிக்கு மேல தொழிற்சாலைலேருந்துதான் வருது. தங்கம் அப்படி இல்ல, தொழிற்சாலைக்கு போறது ரொம்ப கொஞ்சம், மீதியெல்லாம் கழுத்துல, லாக்கர்ல, ரிசர்வ் பேங்க் பெட்டகத்துல. 2025 மார்ச்ல நம்ம ரிசர்வ் பேங்க் கையில கிட்டத்தட்ட 880 டன் தங்கம் இருந்துச்சு, வெள்ளிய அவங்க கையிருப்பா வைக்கிறதே இல்ல. தங்கம் காத்துல இருக்குற எதோடயும் சேராது, அதான் பாட்டி காலத்து தாலிக்கொடி இன்னைக்கும் மஞ்சளாவே இருக்கு. வெள்ளி காத்துல இருக்குற கந்தகத்தோட சேந்து கருத்துப் போகும், அதான் நாம விபூதி போட்டு தேய்க்கிறோம்.

தம்பி இந்த தொழிற்சாலை கிராக்கியத்தான் பெருசா சொல்றார், ஆனா தொழிற்சாலைக்காரன் யாரு? விலை ஏறுனா வேற வழி தேடுறவன். கரண்ட் கடத்துறதுல செம்பு வெள்ளிய விட ஒரு 5, 6 சதவீதம்தான் கம்மி, சோலார் கம்பெனிகள் வெள்ளிக்கு பதிலா செம்பு போட ஏற்கனவே வேலை பாத்துட்டு இருக்காங்க. தாலிக்கு செம்பு போடுறேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் வெள்ளி ஏறுனா தங்கத்த விட வேகமா ஏறும், விழுந்தா தங்கத்த விட கேவலமா விழும். 1980 ஜனவரில ஒரு அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) 50 டாலர் பக்கம் இருந்த வெள்ளி மார்ச் கடைசில 11 டாலருக்கு கீழ வந்துச்சு, அமெரிக்காவுல ஹண்ட் சகோதரர்கள்னு ரெண்டு பேர் கடன் வாங்கி வாங்கி வெள்ளிய குவிச்சாங்க, கடன் குடுத்தவன் பணம் கேட்டதும் எல்லாம் சரிஞ்சது. திரும்ப அந்த 50 டாலர் பக்கம் வர 2011 ஆச்சு, 31 வருஷம்! அங்கேருந்து 2015 முடியுறதுக்குள்ள 14 டாலருக்கும் கீழ. அதே காலத்துல தங்கமும் விழுந்துச்சு, 1,900 டாலர்லேருந்து 1,050 டாலருக்கு, ஆனா அது பாதி கூட இல்ல, வெள்ளி முக்காவாசி போயிடுச்சு. கடன் வாங்கி வெள்ளி வாங்குறவங்களுக்கு ஹண்ட் சகோதரர்கள் கதைய நான் அடிக்கடி சொல்றதுண்டு, யாரும் கேக்குறதில்ல.

இப்போ உங்க கணக்கு. ரவுண்டா பவுன் 1 லட்சம், வெள்ளி கிலோ 2 லட்சம்னு வச்சுக்குவோம், நீங்க படிக்கிற அன்னைக்கு வேறயா இருக்கும், பரவால்ல. 10 பவுனுக்கு 7 லட்சம் கிடைக்குது. வெள்ளி வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 20 ஆயிரம் போச்சு, கைக்கு வர்றது 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வெள்ளி. வருஷ வட்டி 11 சதவீதம்னா 77 ஆயிரம். விக்கும்போது கடைக்காரர் 3 சதவீதமாவது குறைப்பார், அது ஒரு 24 ஆயிரம். ஆக வெள்ளி ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறுனாத்தான் நீங்க கிளம்புன இடத்துக்கு திரும்பி வர்றீங்க, லாபம்ங்கிறது அதுக்கு மேலதான். 30 சதவீதம் விழுந்தா? (வெள்ளிக்கு அது பெரிய விஷயமே இல்ல.) கையில இருக்குறது 4 லட்சத்து 76 ஆயிரம், கட்ட வேண்டியது 7 லட்சத்து 77 ஆயிரம். 3 லட்சம் துண்டு விழும், அதுக்கு அடகு வைக்க அப்போ வீட்ல எதுவும் இருக்காது.

இன்னொன்னு, அவசரத்துக்கு கட்டி வெள்ளிய பேங்க்ல அடகு வைக்கவும் முடியாது. ரிசர்வ் பேங்க் 2025ல போட்ட விதிப்படி வெள்ளி நகை, வெள்ளி காசுக்கு அளவோட கடன் குடுக்கலாம், கட்டிக்கு கூடாது. அப்புறம் இடம். உங்க 10 பவுன மொத்தமா உருக்குனா ஒரு டீஸ்பூன்ல அடங்கிடும். அந்த 7 லட்சத்து வெள்ளி கிட்டத்தட்ட 3 கிலோ 400 கிராம், உருக்கி ஊத்துனா ரெண்டு காபி டம்ளர் ரொம்பும். அத எங்க வைக்கிறது? அதுக்குத்தான் தம்பி வழி சொல்லிட்டாரே, பட்டறையில.

அந்த வரிய நான் மூணு தடவ படிச்சேன். நானும் உங்க சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் பட்டறைக்கெல்லாம் போயிருக்கேன். கொலுசுப் பட்டறையில கட்டி வெள்ளி கட்டியாவே கிடந்து நான் பாத்ததில்ல, அது உருக்குற மூசைக்குள்ள போகும், செம்பு சேரும், கம்பியா இழுபடும், கொலுசா கடைக்குப் போகும். விலை இப்படி ஏறுனதுல சின்ன பட்டறைக்காரங்களுக்கு சரக்கு போட பணம் பத்தல, இது ஊர் அறிஞ்ச விஷயம். உங்க தம்பி கெட்டவர்னு நான் சொல்லல, ஆனா அவர் உங்களுக்கு முதலீட்டு ஐடியா குடுக்கல, அவர் பட்டறைக்கு முதல் கேக்குறார். அத நேரா கேட்டா நீங்க யோசிப்பீங்க, வெள்ளி சோலார்னு சொன்னா யோசிக்க மாட்டீங்க.

சரி, இப்போ அந்த "கடிக்கல". 2021ல 3 லட்சம். 11 சதவீதம் போட்டா 2022ல 3.33, 2023ல 3.70, 2024ல 4.10, அதோட ஸ்கூல் பீஸ் 60 ஆயிரம் சேந்து 4.70, அடுத்த வருஷம் 5.20, அதோட தம்பிக்கு 1.20, மொத்தம் 6.40. சரியா வருதா? உங்க கைக்கு வந்தது 4 லட்சத்து 80 ஆயிரம், மீதி 1 லட்சத்து 60 ஆயிரம் முழுக்க வட்டி. நீங்க ஒரு ரூபா கட்டல, ஆனா கட்டிட்டீங்க, நகைலேருந்து கட்டியிருக்கீங்க. பவுன் 36 ஆயிரத்துலேருந்து 1 லட்சம் ஆச்சுல்ல, அந்த ஏத்தத்துல ஒரு பங்கு வருஷா வருஷம் சத்தமில்லாம கடன் குடுத்தவங்களுக்கு போயிட்டே இருக்கு, விலை ஏறுறதால வலி தெரியல. விலை ரெண்டு வருஷம் சும்மா நின்னா அப்போ தெரியும். நிக்காட்டியும் தெரியும், ஏன்னா அதே ரிசர்வ் பேங்க் விதி 2026 ஏப்ரல்லேருந்து அமல், வருஷக் கடைசில மொத்தமா கட்டுற கடன மாத்தி வைக்கணும்னா சேந்த வட்டிய முதல்ல கையிலேருந்து கட்டியாகணும். உங்க கணக்குக்கு அது 70 ஆயிரம். எங்கேருந்து எடுப்பீங்க?

இன்னைக்கு நிலவரத்துல மாசம் 5,900 ரூபா வட்டி ஓடுது, அதே மாசம் புது நகைக்கு சீட்டு 5,000 கட்டுறீங்க. பழைய நகைக்கு வட்டி கட்டிக்கிட்டே புது நகைக்கு சேக்குறது, அதுலயும் செய்கூலிக்கு வேற ஜிஎஸ்டி. சீட்டு முடிஞ்சதும் அடுத்தது சேராதீங்க. மாசாமாசம் வெள்ளி ஃபண்ட்ல போடுற எஸ்ஐபியையும் நிறுத்துங்க. வெள்ளி ஃபண்ட் தப்பான பொருள்னு சொல்லல, 2025 அக்டோபர்ல எல்லாரும் விழுந்தடிச்சு வாங்குனப்போ வெள்ளி ஈடிஎஃப் (பங்குச் சந்தைல வாங்கி விக்கிற வெள்ளி ஃபண்ட்) அதோட உண்மையான மதிப்ப விட கூடுதல் விலைக்கு வித்துச்சு, சில ஃபண்ட் கம்பெனியே ஒரே தடவையா மொத்தமா போடுற பணத்த வாங்குறத நிறுத்தி வச்சாங்க, அந்த மாதிரி கூட்டத்துல 11 சதவீத கடன வச்சுக்கிட்டு நிக்க வேணாம்ங்கிறேன்.

நான் சொல்றது உங்களுக்கு பிடிக்காது. வீட்ல இருக்குற 10 பவுன்ல 5 பவுன வித்துடுங்க. பழைய நகைக்கு கழிவு போக 4 லட்சத்து 80 ஆயிரம் வரும், வெள்ளி ஃபண்ட எடுத்தா 1 லட்சத்து 10 ஆயிரம், மொத்தம் 5 லட்சத்து 90 ஆயிரம். கடன்ல 50 ஆயிரம்தான் பாக்கி. 2009 விலைக்கும் இப்போ விலைக்கும் உள்ள லாபத்துக்கு வரி உண்டு, உங்க சம்பளத்துக்கு ஒரு 30 ஆயிரத்துக்குள்ள முடியும்னு நினைக்கிறேன், ஆடிட்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. ஆக 80 ஆயிரம், சீட்டு முடிஞ்சதுலேருந்து சீட்டும் எஸ்ஐபியும் சேந்த அந்த 8,000த்த மாசாமாசம் கட்டுனா பத்து பதினொரு மாசம். 12 பவுன் வீட்டுக்கு வந்துடும், கையில 17 பவுன், கடன் இல்ல. இப்போ 22 பவுன்னு சொல்லிக்கிறீங்க, அதுல 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கு, அதாவது ஆறரை பவுனுக்கு சொந்தக்காரர் வேற ஆள். பொண்ணுக்குன்னு வச்ச நகையாச்சேன்னு வீட்ல சத்தம் வரும், எந்த வீட்லயும் வரும்.

எங்க அம்மா சாகுற வரைக்கும் பொத்திப் பொத்தி வச்ச வெள்ளிக் குத்துவிளக்க விக்கப் போனப்போ கடைக்காரர் உரசிப் பாத்துட்டு 65 டச்னார், அதாவது நூத்துக்கு 65 பங்குதான் வெள்ளி, வாங்குனப்போ முழு வெள்ளி விலை குடுத்த விளக்கு அது. தங்கத்துலயாவது 916, ஹால்மார்க்னு ஒரு பிடிமானம் இருக்கு, வீட்டு வெள்ளில பாதி அதெல்லாம் இல்லாதது.

தம்பிக்கு குடுத்த 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஒரு தாள்ல கையெழுத்து வாங்குங்க, மாசம் 4,000 கேளுங்க, அக்கா தம்பிக்குள்ள கணக்கான்னு அவர் முறைப்பார், முறைக்கட்டும். காசு இல்ல, வெள்ளியா தரேன்னு சொன்னா வாங்கிக்கோங்க, ஆனா டச் பாத்து வாங்குங்க, 70 டச் கொலுச கட்டி வெள்ளி விலைக்கு தலையில கட்டிடப் போறார்.