எந்தப் பிரதியில் பார்த்தீர்கள்? – சினிமா கேள்வி பதில்

கேள்வி: யூரியூப்பில் ‘அந்த நாள்’ பார்த்தோம். எல்லோருடைய முகமும் சப்பையாக, அகலமாகத் தெரிந்தது. பல இடங்களில் ஒரே இருட்டு. பாட்டும் இல்லை. அம்மம்மா புகழ்ந்த அளவுக்குப் படம் இல்லையே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மம்மா சொன்னதுதான் சரி. பிழை நீங்கள் பார்த்த பிரதியிலும் ரீவி அமைப்பிலும் இருக்கிறது.

1954இல் வந்த படம். அந்தக் காலத்துப் படச் சட்டகத்தின் அகலமும் உயரமும் ஏறக்குறைய நான்குக்கு மூன்று. இன்றைய ரீவி பதினாறுக்கு ஒன்பது. திரை நிரம்பட்டும் என்று படத்தை இழுத்துவிட்டால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். சந்தேகமாக இருந்தால் காட்சியில் வட்டமான ஏதாவது ஒன்றைப் பாருங்கள்: சுவர்க் கடிகாரம், கார்ச் சில்லு, சாப்பாட்டுத் தட்டு. அது முட்டை வடிவில் இருந்தால் படம் இழுபட்டிருக்கிறது. ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ என்ற இடத்துக்குப் போய் 4:3 ஐத் தெரிவுசெய்யுங்கள். பதிவேற்றியவரே இழுத்துப் போட்டிருந்தாலும் இதனால் நேராகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்து, வட்டமும் வட்டமாகவே தெரிந்தால் ஒன்றிலும் கைவைக்க வேண்டாம். அந்தப் பட்டைகள் இருக்கத்தான் வேண்டும்.

முகம் அகலாமல், ஆனால் தலைமயிர் வெட்டுப்பட்டு நெற்றியோடு நின்றால் அது வேறு பிரச்சினை. மேலும் கீழும் நறுக்கிய பிரதி அது. எந்தப் பொத்தானாலும் திருத்த முடியாது, வேறு பிரதிதான் தேட வேண்டும். ஒரு கணக்கை நினைவில் வைத்திருங்கள்: தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்திய தமிழ்ப் படம் எதுவும் அகலத் திரையை முழுதாக நிரப்பி நின்றால், ஒன்றில் இழுத்திருக்கிறார்கள், அல்லது நறுக்கியிருக்கிறார்கள்.

இருட்டு வேண்டுமென்றே வைத்தது. இயக்குநர் எஸ். பாலசந்தரும் ஒளிப்பதிவாளர் மாருதி ராவும் முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சத்தை விட்டு மறு பாதியை நிழலில் வைக்கிறார்கள். அந்த நிழலுக்குள்ளும் கண்ணும் கன்னமும் மங்கலாகத் தெரியும். ரீவி ‘டைனமிக்’ அல்லது ‘விவிட்’ நிலையில் இருந்தால் மங்கலானதெல்லாம் கட்டிக் கறுப்பாகிவிடும். ‘மூவி’ நிலைக்கு மாற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

பாட்டுக்கு வருவோம். முதலில் கதையைப் பாருங்கள். 1943 ஒக்டோபர் 11ஆம் திகதி சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மறுநாள் காலை, வானொலிப் பொறியியலாளர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரிக்க வரும் அதிகாரியிடம் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ராஜனைச் சொல்கிறார்கள். ஆளுக்காள் அந்த மனிதன் மாறுகிறான். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடத்தில் சிவாஜி ராஜனாக இப்படி ஒரு வேடத்தை ஏற்றிருக்கிறார். சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் கதையில் நாலு நிமிடப் பாட்டு ஒன்று வந்தால் பிடி விட்டுப்போகும். பாட்டும் நடனமும் இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று சும்மா பெருமைக்குச் சொல்வதில்லை. இந்தக் கதைக்கு அது தேவைப்பட்டது.

கேள்வி: ‘மெய்யழகன்’ படத்தை முதல் நாளே தியேட்டரில் பார்த்த நண்பர் சொல்லும் சில காட்சிகள் நான் பார்த்ததில் இல்லை. யார் சொல்வது உண்மை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இருவரும் சொல்வது உண்மைதான். 2024 செப்டெம்பரில் படம் வெளியாகிச் சில நாட்களிலேயே, நீளம் கூடிவிட்டது என்ற பேச்சு எழுந்ததால், 18 நிமிடங்களுக்கு மேல் குறைத்தார்கள். ஓடும் நேரத்தைப் பாருங்கள். மூன்று மணித்தியாலத்தைத் தொட்டு நின்றால் முழுப் படம். இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவென்றால் வெட்டிய படம். என்னைக் கேட்டால் நீளமானதுதான் நல்லது. தன்னிடம் இவ்வளவு அன்பாக இருப்பவனின் பெயர் ஞாபகம் வராமல் ஒருவர் இரவு முழுக்கக் கூசிக் கூசி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கூச்சம் பார்ப்பவருக்கும் ஏற வேண்டுமென்றால் நேரம் எடுக்கத்தான் செய்யும்.

கேள்வி: ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் எங்கள் பேச்சு சரியாக வந்திருக்கிறதா? வீட்டில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம்.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இந்தப் படத்தில் பேச்சு வெறும் அலங்காரமாக வரவில்லை. பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போகும் குடும்பம், சென்னையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தன் பேச்சை மறைக்க வேண்டியிருக்கிறது. வாய் திறந்தால் ஆபத்து. ஆகவே சசிகுமாரும் சிம்ரனும் எப்போது எங்கள் பேச்சில் கதைக்கிறார்கள், எப்போது விழுங்குகிறார்கள் என்பதிலேயே கதை ஓடுகிறது. அறிமுக இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் இதைக் கதைக்குள்ளே வைத்தது கெட்டித்தனம்.

வாக்குவாதத்தைத் தீர்க்க மூன்று இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, வினை முடிவு. யாழ்ப்பாணத்தில் ‘வாறியள், போறியள்’. சென்னை நடிகர்களின் வாயில் அது ‘வாறீங்க, போறீங்க’ என்று நழுவும். இரண்டு, கேள்வி. ‘விளங்குதே?’, ‘சாப்பிட்டியளோ?’ என்று கடைசியில் ஏறும் அந்த ஏகார ஓகாரம். மூன்றாவதுதான் ஆகக் கஷ்டம்: இழுவை. ‘ஓம்’, ‘கதைக்கிறது’ என்ற சொற்களை ஒரு கிழமையில் பாடமாக்கலாம். வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாடமாக்க முடியாது. சாதாரணக் காட்சியில் கவனமாகப் பேசும் நடிகர், கோபம் அழுகை என்று வந்தவுடன் தன் ஊர்ப் பேச்சுக்குப் போய்விடுவார். ஆகவே மதிப்பிடுவதென்றால் சண்டைக் காட்சியை வைத்து மதிப்பிடுங்கள்.

‘தெனாலி’யில் (2000) கமலுக்கு இந்தப் பேச்சைப் பழக்கியவர் எங்கள் வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத். அப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு உதவும் என்பது படத்திலேயே கேட்கும். இந்தியப் படங்கள் எல்லாவற்றிலும் எனக்குள்ள ஒரே வருத்தம், இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணம் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வது. மட்டக்களப்பான் கதைப்பதும் ஹட்டனில் கதைப்பதும் ஒன்றா? கொட்டாஞ்சேனைப் பேச்சை எந்தப் படத்தில் கேட்டோம்?

கேள்வி: ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கேட்கவில்லை. ஸ்பீக்கர் பழுதா?
– வாசகர், வத்தளை

பதில்: ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை. பி.எஸ். வினோத்ராஜ் அந்தப் படத்துக்கு இசையே வைக்கவில்லை. ஓட்டோ இயந்திரம், காற்று, சேவலின் சிறகடிப்பு, சூரியின் கரகரத்த தொண்டை, இவைதான் ஒலி. அன்னா பென் ஏறக்குறைய படம் முழுக்க வாய் திறக்காமல் இருப்பதன் கனம் அதனால்தான் ஏறுகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மற்றப் படங்களில் இசை காதைப் பிளந்து பேச்சு மட்டும் அமுங்கிக் கேட்டால் அது வேறு கோளாறு: ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் ரீவியில் இருப்பவை இரண்டே. ஒலித் தெரிவில் 5.1 என்று போடாததை எடுத்தால் பேச்சு மேலே வரும்.

கேள்வி: புதிதாக வாங்கிய பெரிய ரீவியில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ பார்த்தால் மெகா சீரியல் போலத் தெரிகிறது. பழைய பெட்டியில் அப்படி இல்லையே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: படம் செக்கனுக்கு 24 சட்டகங்கள். உங்கள் புதிய ரீவி இடையிடையே தானே சட்டகங்களை உருவாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, படத்துக்குக் கூடாது. சாம்சங்கில் ‘ஓட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர். அதை முற்றாக நிறுத்திவிடுங்கள்.

1988இல் வந்த இந்தப் படத்துக்கு இது மிக முக்கியம். மட்டக்களப்பில் பிறந்த அந்த மனிதர் தானே ஒளிப்பதிவும் செய்து, யன்னலால் வரும் வெளிச்சத்தையே நம்பி எடுத்திருக்கிறார். பாட்டு இல்லை, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும். பாதி எழும்பிய வீட்டுக்குள் தாத்தா சொக்கலிங்க பாகவதர் தனியாக நடந்து, பூசாத சுவரைத் தடவிப் பார்க்கும் காட்சியில் அவர் விரல்களைப் பாருங்கள். வீடு கட்டத் தொடங்கும் எவரும் இதைப் பார்க்க வேண்டும்: கடன் தவணை, சீமெந்துக் கணக்கு, கொந்தராத்துக்காரன் எங்கே கை வைப்பான் என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது.

கேள்வி: பழைய டிவிடியில் ‘முள்ளும் மலரும்’ பாட்டுகள் ரேடியோவில் கேட்பதைவிடக் கொஞ்சம் வேகமாக, சுருதி கூடிக் கேட்கின்றன. என் காதில் பிழையா?
– வாசகி, தெஹிவளை

பதில்: உங்கள் காது நல்ல காது. எங்கள் நாட்டு ரீவி முறை செக்கனுக்கு 25 சட்டகம். 24இல் எடுத்த படத்தை அந்த முறையில் டிவிடியாக்கும்போது 25இல் ஓடவிடுவது வழக்கம். வேகம் நாலு வீதம் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். பாட்டு ஏறக்குறைய ஓர் அரைச்சுரத்தின் முக்கால் பங்கு மேலே போய்விடும். ஜேசுதாஸின் குரல்கூட மெலிந்து கேட்கும்.

கம்பியூட்டரில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருள் இருந்தால் சரிசெய்யலாம். முதலில் ஒலி அமைப்புகளில் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ என்பதிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் வேகம் மட்டும் குறையும், சுருதி இறங்காது. பிறகு கீழ்ப் பட்டையில் 1.00 என்று இருக்கும் வேக எண்ணை அழுத்தி 0.96க்குக் கொண்டுவாருங்கள். யூரியூப்பில் உள்ள பல பிரதிகள் இப்படிப்பட்ட டிவிடியிலிருந்து எடுத்தவைதான். ஆனால் அங்கே வேகத்தைக் குறைத்தாலும் சுருதி அப்படியே நிற்கும். ஆகவே டிவிடியை எறிந்துவிடாதீர்கள்.