படபடப்பு வேறை, ஆபத்து வேறை: கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில கன வருசம் ஈசிஜி எடுத்துப் பென்சன் போன ஆள் நான். டொக்டர் இல்லை. ஆருக்கும் குளிசையைக் கூட்டிக் குறைக்க மாட்டன். ஆனா துடிப்புக் கோளாறு இருக்கிற சனம் தங்கட ஆபத்தை எப்பிடிக் கணக்குப் போடுது எண்டதை மெசினுக்குப் பக்கத்தில நிண்டு பாத்தனான். கூடப் பயப்பிடுறவையில பாதிப்பேருக்குப் பயப்பிட ஒண்டுமில்லை. பயப்பிடவேண்டியவர் கட்டிலில இருந்து பகிடி விடுவார். அதைப் பற்றிக் கேளுங்கோ எண்டனான். வந்த கேள்வியள் இவை.

விசுவமடுவில இருந்து ஒரு தங்கச்சி (34 வயது): ராவில படுத்தால் நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு. ஒரு துடிப்பு நிண்டு, பிறகு பலமா ஒண்டு அடிக்குது. மூண்டு தரம் ஈசிஜி எடுத்தாச்சு, நோர்மல் எண்டிட்டினம். நித்திரையில போயிடுவனோ எண்டு பயமாயிருக்கு அண்ணை, ரெண்டு சின்னப் பிள்ளையள்.

தங்கச்சி, மீன் துள்ளுறது எண்டது நல்ல விவரிப்பு. ஒரு துடிப்பு நேரத்துக்கு முந்தி வந்திடும். அதுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில இதயம் வழமையை விடக் கூட நிரம்பும். அதால அடுத்த அடி பலமா விழும். நீங்கள் உணர்றது அந்த அடியைத்தான். இப்பிடி இடைத்துடிப்பு எல்லாருக்கும் வந்து போறதுதான், பகலில வேலைச் சத்தத்தில தெரியாது. ராவில இடப்பக்கம் சரிஞ்சு படுத்தால் நல்லாத் தெரியும்.

ஈசிஜி நோர்மல் எண்டதை நம்புறதா விடுறதா எண்டுதான் உங்கட குழப்பம். நாங்கள் எடுக்கிற அந்தத் துண்டு ஏறக்குறைய 10 செக்கன். ஒரு நாளுக்கு 86,400 செக்கன். அந்தப் 10 செக்கனில மீன் துள்ளாட்டிக் கடதாசியில வராது. தேவையெண்டால் டொக்டர் 24 மணித்தியாலம் கட்டுற ஹோல்டர் மெசினுக்கு எழுதுவார். அதுக்கு முதல் ஒரு கொப்பியில எழுதுங்கோ: எத்தினை மணிக்கு, என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள், எவ்வளவு நேரம், தலை சுத்தினதோ. இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் சோதிச்சாச்சோ எண்டும் கேளுங்கோ. மயங்கி விழுந்தால், அதுவும் ஓடேக்கை, வேலை செய்யேக்கை விழுந்தால், இல்லாட்டிக் குடும்பத்தில ஆரும் இளவயசில திடீரெண்டு செத்திருந்தால் கட்டாயம் சொல்லவேணும். உதுகள் இல்லாட்டி, இதய அமைப்பும் சரியெண்டால், நித்திரையில போற கதை இல்லை.

இன்னொண்டு. 2009க்குப் பிறகு நான் ஈசிஜி எடுத்த ஆக்களில கனபேருக்குத் திருவிழா வெடி கேட்டாலே நெஞ்சு ஓடத் தொடங்கும். "பயத்தில வாறது" எண்டால் அவைக்குக் கோவம் வரும், பொய் சொல்லுறம் எண்டு சொன்ன மாதிரி. பொய் இல்லை. அட்ரினலின் ஊறினால் இதயம் உண்மையாத்தான் ஓடும், கடதாசியிலயும் 130, 140 எண்டு வரும். ஆனா அதுக்கு மருந்து இதயக் கிளினிக்கில இல்லை. மனநலப் பிரிவுக்குப் போறதில ஒரு வெக்கமும் இல்லை.

மல்லாவியில இருந்து ஒரு மகன்: அப்பாக்கு 71. பிறசரும் சீனியும் இருக்கு. போன வருசம் ஏ.எஃப் எண்டு சொல்லி, இரத்தம் உறையாமல் இருக்கத் தாற வோபரின் குளிசை தொடங்கினவை. இப்ப நிப்பாட்டிப்போட்டார். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை, வயலுக்குப் போறன், சாப்பிடுறன், பிறகென்னத்துக்கு" எண்டுறார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதைத் தொடங்கினதே.

ஏ.எஃப் எண்டால் இதயத்தின்ர மேலறையள் சுருங்கிறதை விட்டிட்டு நடுங்கிறது. அப்பாவின்ர பழைய ஈசிஜித் துண்டு இருந்தால் எடுத்து மேசையில வையுங்கோ. ஒரு வெள்ளைக் கடதாசியின்ர விளிம்பை அதுக்குக் கீழ பிடிச்சு, உயர்ந்து நிக்கிற கூரான கோடுகளில மூண்டுக்கு நேரே பேனையால புள்ளி வையுங்கோ. பிறகு கடதாசியை மெல்ல அங்கால நகர்த்துங்கோ. ஒழுங்கான துடிப்பெண்டால் மூண்டு புள்ளியும் அடுத்த மூண்டு கோட்டில போய் இருக்கும். ஏ.எஃப் எண்டால் எங்க நகர்த்தினாலும் இராது. தவில்காரர் தாளத்தை முழுக்க விட்டமாதிரி. இதைச் சிலபேருக்கு நான் செய்து காட்டினனான். அப்பதான் முகம் மாறும்.

இனி ஆபத்து எங்க? வாய்க்காலில ஓடுற தண்ணியில பாசி பிடிக்காது. மூலையில தேங்கினதில பிடிக்கும். நடுங்கிற அறையில, முக்கியமா இடப்பக்க மேலறையின்ர சின்னப் பையில, இரத்தம் தேங்கிக் கட்டிபடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஏ.எஃப் இருக்கிற ஆளுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐஞ்சு மடங்கு.

டொக்டர்மார் இதுக்குப் புள்ளி போடுவினம். வயசு 65இல இருந்து 74 வரை ஒரு புள்ளி, 75உம் அதுக்கு மேலயும் ரெண்டு. பிறசருக்கு ஒண்டு, சீனிக்கு ஒண்டு, இதயம் பலவீனப்பட்டிருந்தால் ஒண்டு, இரத்தக்குழாய் அடைப்பு வருத்தத்துக்கு ஒண்டு. முந்தி பாரிசவாதம் வந்திருந்தால் ரெண்டு. பொம்பிளையளுக்கும் ஒரு புள்ளி போடுறவை. 2024இல ஐரோப்பிய வழிகாட்டலில அதை எடுத்துவிட்டினம். அப்பாவுக்கு எண்ணிப் பாருங்கோ: மூண்டு. ரெண்டு வந்தாலே இரத்தம் உறையாத மருந்து வேணும் எண்டுதான் சொல்லுறது.

அந்தப் பட்டியலைத் திருப்பி வாசியுங்கோ தம்பி. படபடப்புக்கு எத்தினை புள்ளி? ஒண்டுமில்லை. நெஞ்சு அடிக்குதோ, களைக்குதோ, வயலுக்குப் போகேலுமோ, எதுவும் அதில இல்லை. கட்டி உருவாகிறது நோகாது. "ஒண்டும் செய்யேல்லை" எண்டு அப்பா சொல்லுறது உண்மைதான். ஆனா அந்தப் பதிலுக்கு உரிய கேள்வியை ஆரும் அவரிட்டைக் கேக்கேல்லை. வோபரின் அவரை உசாராக்கத் தந்த குளிசை இல்லை. ஒழுங்காப் போட்டால் பாரிசவாதத்தில மூண்டில ரெண்டு பங்கு அளவைத் தடுக்கும். வராமல் போன வருத்தத்தை ஆர் கண்டது? அதாலதான் இந்தக் குளிசைக்கு மரியாதை இல்லை.

அடம்பனில இருந்து ஒருவர்: வோபரின் எலிப் பாசாணம் எண்டு சொல்லுறது மெய்யோ?

மெய். 1933இல அமெரிக்காவில, விஸ்கான்சினில ஒரு விவசாயியின்ர மாடுகள் பூஞ்சணம் பிடிச்ச காய்ஞ்ச குளோவர் புல்லைத் திண்டு இரத்தம் உறையாமல் செத்துப்போச்சுது. அந்த மனுசன் ஒரு பால் கான் நிறைய உறையாத இரத்தத்தைக் கொண்டுபோய்க் கார்ல் லிங்க் எண்டவரின்ர ஆய்வுகூடத்தில வைச்சார். அதில தொடங்கின ஆராய்ச்சிதான் வோபரினில முடிஞ்சது. 1948இல எலிக்கு வந்தது, 1954இல மனுசருக்கு. அடுத்த வருசம் மாரடைப்பு வந்த அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கும் குடுத்தவை. அளவுதான் விசயம் ஐயா. அதுக்குத்தான் இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்குது எண்டு காட்டுற ஐஎன்ஆர் பாக்கிறது, சாதாரண ஏ.எஃப்க்கு 2க்கும் 3க்கும் இடையில நிக்கவேணும். மலம் கறுத்துப் போனால், பல் முரசில இரத்தம் நிக்காட்டி, தலையில அடிபட்டால், கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்கக்கூடாது.

நெடுங்கேணி அக்கா ஒராள்: வோபரின் போடுறன். வல்லாரையும் முருங்கை இலையும் அடியோட விடச் சொல்லுதுகள்.

விடாதேங்கோ. ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவாச் சாப்பிடுங்கோ, மருந்தளவு அதுக்கேத்த மாதிரி நிக்கும். ஒரு மாசம் தொடாமல் இருந்திட்டு ஒரு கிழமை முழுக்கக் கீரை எண்டால்தான் ஐஎன்ஆர் ஆடும். கீரையை விட எனக்குப் பயம் முழங்கால் நோவுக்குக் கடையில வாங்கிப் போடுற டைக்ளோபெனக்கும், கேட்டுக் கேள்வியில்லாமல் வாங்குற அன்ரிபயோட்டிக்கும். அதை ஆரும் வந்து கேக்கிறேல்லை.

கனடாவில இருந்து ஒரு மகள்: அம்மா முள்ளியவளையில. சின்ன வயசில வாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கினது, இப்ப ஏ.எஃப். மாசாமாசம் இரத்தம் குத்தித் திரியிறா. இங்க இரத்தம் குத்தத் தேவையில்லாத புதுக் குளிசை இருக்கு. அனுப்பட்டோ?

அனுப்பாதேங்கோ மகள். புதுக் குளிசையள் நல்லவைதான், ஆனா வாதக் காய்ச்சலில வால்வு சுருங்கின ஆக்களுக்கு இல்லை. 2022இல வெளிவந்த இன்விக்டஸ் எண்ட ஆய்வில அப்பிடிப்பட்ட ஆக்களை ரெண்டு பகுதியாப் பிரிச்சுப் பாத்தவை. வோபரின் மாதிரிப் பழைய வகை மருந்து எடுத்த பக்கத்தில சாவு குறைவு. அம்மா குத்துப்பட்டாலும் சரியான குளிசையில நிக்கிறா. அனுப்பத்தான் வேணுமெண்டால் கிளினிக் நாளில ஓட்டோவுக்குக் காசு அனுப்புங்கோ.

ஒட்டுசுட்டான் தம்பி (26): திடீரெண்டு சுவிச்சுப் போட்டமாதிரி நெஞ்சு 180க்கு ஓடுது. அரை மணித்தியாலத்தால டக்கெண்டு நிக்குது. ரெண்டு தரம் 1990 நம்பருக்கு அடிச்சு அம்புலன்சில போனன். சாகப்போறன் எண்டுதான் நினைச்சன்.

உங்களுக்கு வந்தது எஸ்விரி எண்டு நினைக்கிறன். ஓடேக்கை எடுத்த ஈசிஜிதான் அதை உறுதிப்படுத்தும். இதயத்துக்குள்ள மின்சாரம் ஒரு வளையத்தில மாட்டிச் சுத்துறது. துடிப்புக் கோளாறுகளில ஆளைக் கலங்கடிக்கிறது இதுதான். மற்றும்படி இதயம் நல்லாயிருந்தால் உயிராபத்து மிகக் குறைவு. மல்லாவி ஐயாவையும் உங்களையும் ஒரு வாங்கில இருத்தினால், அழுறது நீங்கள், ஆபத்து அவருக்கு.

ஆஸ்பத்திரியில 10 மில்லி சிறிஞ்சைத் தந்து, தண்டு அசையிற அளவுக்கு 15 செக்கன் ஊதச் சொல்லி, உடனை மல்லாக்கப் படுத்திக் காலைத் தூக்கிப் பிடிப்பினம். 2015இல வந்த ஆய்வில பத்தில நாலு பேருக்கு அதோடயே நிண்டது. டொக்டரிட்டைப் பழகிக்கொண்டால் வீட்டிலயும் செய்யலாம். நெஞ்சு ஓடேக்கை மோட்டச்சைக்கிளை ஓரமா நிப்பாட்டி இருங்கோ. மயக்கம், நெஞ்சு நோ எண்டால் திரும்பவும் 1990தான், அதில வெக்கப்படாதேங்கோ. அடிக்கடி வந்தால் அந்த வளையத்தைச் சுட்டு விடுற அப்லேசன் இருக்கு.

புதுக்குடியிருப்பில இருந்து ஒருவர் (52): துடிப்பு 36, பேஸ்மேக்கர் வைக்கவேணும் எண்டுகினம். எனக்கு நெஞ்சுப் பக்கம் ஷெல் பீஸ் கிடக்கு. அதால வேண்டாம் எண்டிட்டன்.

அண்ணை, பீஸ் இவ்வளவு வருசமா அசையாமல் கிடக்கு. துடிப்பு 36 எண்டது நேற்று ரெண்டு செக்கன் நிண்டிருக்கும், நாளைக்குக் கிணத்தடியில ஐஞ்சு செக்கன் நிக்கும். எதுக்குப் பயப்பிடவேணும் எண்டு யோசியுங்கோ. எக்ஸ்றேயில பீஸ் எங்க எண்டு பாத்து வைப்பினம். இரும்புத்துண்டு பிரச்சினை குடுக்கிறது எம்ஆர்ஐ எடுக்கேக்கை. அப்ப பீஸையும் பேஸ்மேக்கரையும் முதலே சொல்லவேணும். வெல்டிங் வேலையெண்டால் எவ்வளவு தூரத்தில நிக்கவேணும் எண்டும் கேட்டு வையுங்கோ.

திரும்பவும் மல்லாவி மகன்: நீங்கள் சொன்னமாதிரி கடதாசியில புள்ளி வைச்சுக் காட்டினன். கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தார். "சரி, காலபோக விதைப்பு முடியட்டும்" எண்டுறார்.

வீட்டில கிடக்கிற பழைய குளிசையை அவராத் தொடங்க விடாதேங்கோ. இரத்தம் பாத்துப்போட்டுத்தான் அளவு சொல்லுவினம். கிளினிக் கொப்பியையும் அந்தக் குளிசைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு விடிய நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறிச்சுக்கொண்டு 1990க்கு அடிக்கவேணும் எண்டு அம்மாவுக்கும் சொல்லி வையுங்கோ. கட்டி கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான், அதுக்குள்ள சீரி ஸ்கானும் எடுத்து முடியவேணும். விதைப்புக்கு ரெண்டு நாளைக்குக் கூலிக்கு ஆள் பிடியுங்கோ.