நாட்டார் தெய்வங்களைக் கும்பிடுபவர்கள் எந்தக் கோவிலுக்குப் போவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

பாதிக்கு மேல் யாரும் முடிவு செய்வதே இல்லை. பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. மீதியை நோய், வழக்கு, பிள்ளை இல்லாத கவலை, சொந்தக்காரர் பேச்சு, பஸ் வசதி எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. நான் திருநெல்வேலிப் பக்கம். அங்கே பார்த்துப் பழகியதை வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பழக்கமில்லாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் ஊர் பேர் கேட்டு முடித்ததும் வரும் அடுத்த கேள்வி, "உங்களுக்கு எந்த சாஸ்தா?" என்பதுதான். சாஸ்தா என்றால் அய்யனார். கற்குவேல் அய்யனார், அருஞ்சுனை காத்த அய்யனார், சொரிமுத்து அய்யனார் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருவர் இருப்பார். பங்குனி உத்திரத்தன்று அந்தக் கோவிலில்தான் நிற்க வேண்டும். சென்னையில் வேலை பார்த்தாலும் சரி, கோயம்புத்தூரில் கடை வைத்திருந்தாலும் சரி. மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கம் இதே வேலையை மாசி சிவராத்திரி செய்கிறது. அன்றைக்கு உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோவிலுக்குச் சாமிப் பெட்டி போகும். ஆயிரக்கணக்கானவர்கள் கூடவே நடப்பார்கள். அவர்களில் யாரையாவது நிறுத்தி ஏன் இந்தக் கோவிலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் கேள்வியே புரியாது. அப்பா போனார், தாத்தா போனார், அவ்வளவுதான்.

குலதெய்வம் அப்பா வழியில் வருவது. கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் வீட்டுச் சாமிதான் இனிமேல் என்பது பொது விதி. ஆனால் விதி அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. பிறந்த வீட்டு இசக்கியம்மனோ பேச்சியம்மனோ அவளோடு கூடவே வந்துவிட்டதாகச் சொல்லி, அதற்கும் ஒரு பீடம் போட்டுப் பொங்கலிடும் வீடுகள் நிறைய உண்டு. குழந்தைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வக் கோவிலில், தாய்மாமன் மடியில். கல்யாணப் பத்திரிகையில் முதல் பத்திரிகை சாமிக்கு. இதில் எதையும் வேறு கோவிலுக்கு மாற்ற முடியாது.

அடுத்தது ஊர்க் கோவில். கொடை, அதாவது கோவில் திருவிழா, என்று தேதி குறித்து, தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போட்டுவிட்டால் அந்த ஊரில் குடியிருக்கும் எல்லோருக்கும் அது சொந்தக் கோவில். கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய பிறகு வெளியூரில் ராத் தங்கக்கூடாது என்று இன்னும் கட்டுப்பாடு வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் என்று எழுதிவிட்டேன், ஆனால் சாதி பார்த்து உள்ளே விடாத, வரியே வாங்காத ஊர்க் கோவில்களும் உண்டு. எந்தக் கோவிலுக்குப் போகலாம் என்பதைப் பலருக்கு அடுத்தவர்கள்தான் தீர்மானித்தார்கள். அதை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது பாதிப் பதில்.

நிஜமாகவே தேர்வு என்று ஒன்று நடப்பது வேண்டுதலில்தான். அங்கே சாமிகளுக்கு வேலைப் பிரிவு உண்டு. அம்மை போட்டால், காய்ச்சல் விடாவிட்டால் மாரியம்மன்: திருச்சிப் பக்கம் சமயபுரம், எங்களுக்கு இருக்கன்குடி. கண் கோளாறு என்றால் தஞ்சாவூர்க்காரர்கள் புன்னைநல்லூரைச் சொல்வார்கள். துளஜா மன்னரின் மகளுக்கு அங்கே பார்வை திரும்பியதாகக் கதை. ஏமாற்றப்பட்டவர்கள், பணம் கொடுத்து வாங்க முடியாதவர்கள் கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் போய்க் காசு வெட்டிப் போடுவார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் இதே மாதிரி நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள். இரண்டு பேரில் யார் சொல்வது பொய் என்று தெரிய வேண்டுமா, அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய் சொன்னவன் அங்கே போகப் பயந்து வழியிலேயே சமாதானம் பேசிய கதைகளும் உண்டு. சென்னையில் புது வண்டி எடுத்தவர்கள் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் போகிறார்கள். அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள்.

ஒரே வேலைக்கு நாலு கோவில் இருந்தால்? பக்கத்து வீட்டு அக்காவுக்கு எங்கே பலித்ததோ அங்கே. பெரும்பாலும் இவ்வளவுதான் கணக்கு. ஸ்தல புராணத்தைப் படித்துவிட்டு யாரும் கிளம்புவதில்லை. "எங்க மதினிக்கு மூணாவது மாசமே நின்னுச்சு, நீயும் ஒரு தொட்டில் கட்டிட்டு வா" என்பது போதும். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் இந்துக் குடும்பங்கள் போவதும் இப்படித்தான். மதம் குறுக்கே வருவதில்லை.

எனக்கு எப்போதும் சுவாரசியமாகத் தோன்றுவது, வேண்டியது பலிக்காமல் போகும்போது நடப்பது. அந்தச் சாமிக்குச் சக்தி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. குறி கேட்கப் போவார்கள். கோடாங்கி உடுக்கை அடித்துச் சொல்வார், அல்லது சாமியாடிக்கு அருள் வந்து சொல்லும். வரும் பதில்களில் அடிக்கடி கேட்பது, "குலசாமிக்குச் செய்ய வேண்டியது நிக்குது, அதை முடிச்சிட்டு மத்ததைக் கேளு" என்பதுதான். ஆக எங்கெங்கோ சுற்றியவர்கள் மறுபடி பிறந்தபோது முடிவான அதே கோவிலில் வந்து நிற்பார்கள். சில நேரம் பதில் எந்தக் கோவிலும் இல்லை என்று வரும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் ஒருத்தி அந்த வம்சத்தில் இருப்பாள். அவளைக் கன்னியாக நினைத்து, வீட்டிலேயே புதுப் பாவாடை சட்டை வைத்துப் படைக்கச் சொல்வார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பதில் ஒரு குடும்பத்தை மறந்துபோன ஆளைப் பற்றிப் பேச வைக்கிறது. எங்கள் வீட்டில் ஆச்சி சொல்லித்தான் தாத்தாவுக்கு அப்படி ஒரு தங்கை இருந்ததே எங்களுக்குத் தெரியும்.

பூப்போட்டுப் பார்ப்பதும் உண்டு. வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. நினைத்த பூ வந்தால் உத்தரவு. வராவிட்டால் இன்னொரு தரம் போடுவதையும் பார்த்திருக்கிறேன்! ஏற்கெனவே மனசுக்குள் எடுத்த முடிவுக்குச் சாமியின் கையெழுத்து வாங்குவதாகத்தான் அது எனக்குப் படும்.

எப்போது போகக்கூடாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பங்காளி வீட்டில் சாவு என்றால் தீட்டு. சில குடும்பங்களில் அது ஒரு வருஷம் வரை நீளும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கிடா வெட்டைத் தள்ளிப்போடுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பங்காளிச் சண்டை. முதல் மரியாதை யாருக்கு, வரவு செலவு நோட்டு யார் கையில் என்று ஆரம்பித்து, ஒரு பிரிவு மூலக் கோவிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய்த் தனிக் கோவில் கட்டிவிடும். பிடிமண் எடுப்பது பிழைப்புக்காக வெளியூர் போனவர்களின் வழக்கம்தான். ஆனால் எனக்குத் தெரிந்து கோபத்தில் எடுக்கப்பட்ட பிடிமண்ணும் குறைவில்லை. அடுத்த தலைமுறைக்கு அந்தப் புதுக் கோவில்தான் குலதெய்வம்.

சரி, குலதெய்வமே தெரியாது என்பவர்கள் என்ன செய்வது? ஜோசியரிடம் போவதற்கு முன்னால் வீட்டுப் பெயர்களைப் பாருங்கள். தாத்தா, பூட்டன், அத்தைப் பாட்டி பெயர்களை எழுதினால் கற்குவேல், சுடலைமுத்து, முப்பிடாதி, இருளப்பன், ஒச்சம்மாள் என்று ஒரு சாமிப் பெயர் திரும்பத் திரும்ப வரும். அது நல்ல துப்பு. அப்புறம் பூர்வீக ஊரில் மிச்சமிருக்கும் வயசான பங்காளியைத் தேடுங்கள். கோவில் வரி நோட்டில் உங்கள் தாத்தா பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. எதுவும் கிடைக்கவில்லை என்றால் எங்கள் பக்கம் காரையாறு சொரிமுத்து அய்யனாரையே குலதெய்வமாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோவில் என்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். நேரக் கட்டுப்பாடு உண்டு, கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.