பதில்: தண்ணீர் லாரி ஓட்டியும் அடங்காத கழிவு மேட்டுத் தூசி

வணக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் பழைய தங்கச் சுரங்கக் கழிவு மேட்டில் வேலை, ஆகஸ்ட் காற்றில் தூசி குடியிருப்புக்குப் பறக்கிறது, தினம் இரண்டு நடை தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அடங்காதுங்க. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், மழை அநேகமாகப் பெய்யாது. அடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

முதலில் மேட்டின் மேல் வண்டி போவதை நிறுத்துங்கள். காய்ந்த குளத்து வண்டல் மாதிரி மேலே ஒரு மெல்லிய ஓடு படிந்திருக்கும். டயர் ஏறினால் அது நொறுங்கி, பருமணல் துள்ளித் துள்ளி விழுந்து நுண்தூளைக் கிளப்பிவிடும்.

அப்புறம், காற்றுக்குக் குறுக்காக மேடும் பள்ளமுமாக உழுதுவிடுங்கள். துள்ளும் மணல் பள்ளத்தில் தங்கிவிடும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே உழ வேண்டும். பொடியாக இருந்தால் அன்றைக்கே கரை சரிந்துவிடும். நிலையான தீர்வு புல்தான். ஆனால் கழிவிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் அமிலமாகி வேரைக் கருக்கும். சுண்ணாம்பு கலக்காமல் விதை போட்டால் காசுதான் வீண். சரிவுகளுக்குக் கல் போர்த்துவது நல்லது.

இந்தக் கழிவு வந்த பாறையில் தங்கத்தோடு யுரேனியமும் உண்டு. அதிலிருந்து வரும், கதிர்வீச்சு உள்ள ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கூடவே நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூளும் இருக்கிறது. அதனால் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யாதீர்கள், என்95 முகக்கவசமாவது போடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டாம், தயவுசெய்து.